அருஸா, எக்ஸ்70-ஆ, எக்ஸ்90-ஆ? எங்க வீட்டுக் கணக்கு



வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு தட்டு, விளக்கு எல்லாம் கழுவி அடுக்குற நேரத்துல, இப்போ பலரும் எங்ககிட்ட கேட்கிற கேள்வி ஒண்ணுதான். "குடும்பத்துக்கு எஸ்யூவி எடுக்கணும். அருஸா, எக்ஸ்90-ஆ, இல்லே எக்ஸ்70 போதுமா?" நாங்க கார் வியாபாரம் செய்றவங்க இல்லை. ஈப்போவுல தொழிற்சாலை வேலை பார்க்கிற புருஷன் பொண்டாட்டி. ஆனா நாலு மாசம் பார்த்து, அளந்து, கணக்குப் போட்டு ஒரு வண்டி எடுத்தோம். ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியா சொல்றதை விட இங்கே எழுதிடறோம். பொறுமையா படிங்க.

முதல்ல எங்க நிலைமை. வீட்டுல ஏழு பேர். அம்மா, நாங்க ரெண்டு பேர், மகன், மருமகள், ரெண்டு வயசுப் பேரன், படிக்கிற மகள். இருந்தது ஒரு பழைய வீரா. கோயிலுக்குப் போகணும்னா ரெண்டு நடை. அம்மாவுக்கு வயசு 78. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துல முப்பது வருஷத்துக்கு மேல பால் மரம் வெட்டினவங்க. விடியறதுக்கு முன்னே பெரட்டுக்கு நின்னு, மேடு பள்ளமெல்லாம் வாளி தூக்கி நடந்த கால். இப்போ முட்டி மடங்கலை. வீராவோட தாழ்வான சீட்டுல உட்கார்ந்தா எழுந்திருக்க ரெண்டு பேர் கை கொடுக்கணும். அதனாலயே "நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டுலயே விளக்கேத்திக்கிறேன்"னு சொல்ல ஆரம்பிச்சாங்க. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு ரெண்டு வருஷமா வரலை. புது வண்டி எடுக்கணும்னு நாங்க முடிவு பண்ணினது அதுக்காகத்தான்.

இப்போ வண்டிங்களைப் பார்ப்போம். எக்ஸ்70 2018 டிசம்பர்ல அறிமுகமாச்சு. முதல்ல சீனாவுல இருந்து முழு வண்டியா வந்தது, பிறகு நம்ம பேராக், தஞ்சோங் மாலிம் தொழிற்சாலையிலயே பொருத்த ஆரம்பிச்சாங்க. எக்ஸ்90 2023 மே மாசம் வந்தது, அதுவும் தஞ்சோங் மாலிம்தான். அருஸ் 2019 ஜனவரியில வந்தது, ரவாங்ல செய்யுற பெரோடுவா. டொயோட்டா ரஷ்ஷும் அதுவும் ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்க மாதிரி, 1.5 லிட்டர் எஞ்சின், ஏழு சீட்டு.

எக்ஸ்70 எங்க எல்லாருக்கும் பிடிச்சது. அம்மாவுக்கு அந்த சீட் சரியா இடுப்பு உயரத்துக்கு இருந்தது. ஆனா அஞ்சு சீட்டுதான். ஏழு பேர் இருக்கிற வீட்டுக்கு அது ஆகாது. உங்க வீட்டுல நாலு பேர், அஞ்சு பேர்னா தாராளமா அதைப் பாருங்க. வருஷத்துல ஒரு நாள் வர்ற சொந்தக்காரங்களுக்காக மூணாவது வரிசைக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

மீதி இருந்தது எக்ஸ்90-உம் அருஸும். எக்ஸ்90-ல ஒரு விஷயம் கவனிங்க. விலை கூடின ரகத்துல நடு வரிசையில ரெண்டு தனி சீட்டு, நடுவுல நடந்து பின்னால போகலாம், ரொம்ப வசதி. ஆனா மொத்தம் ஆறு சீட்டு. மத்த ரகங்கள்ல ஏழு. ரகத்தைக் கேட்டுட்டு பதிவுக் காசு கட்டுங்க.

கடைக்கு நாங்க அம்மாவையும், பேரனோட குழந்தை இருக்கையையும் கூடவே கொண்டு போனோம். 2020 ஜனவரி 1 முதல் குழந்தை இருக்கை நம்ம நாட்டுல சட்டம். அதை நடு வரிசையில மாட்டிட்டா, அந்தப் பக்க சீட்டை மடக்கிப் பின்னால போக முடியாது. வெறும் வண்டியைப் பார்க்கும்போது இது தெரியாது. மாட்டிப் பார்த்துதான் எங்க வரிசை முடிவாச்சு. மகன் ஓட்டுறார், அம்மா முன் சீட்டு. டிரைவருக்குப் பின்னால குழந்தை இருக்கை, நடுவுல மருமகள். இடது பக்கம் மடக்கி, வீட்டு ஆம்பளையும் மகளும் பின்னால ஏறினப்புறம் வீட்டுக்காரம்மா அந்த இடது சீட்டுல உட்கார்றது. அம்மாவை எதுக்கும் இறக்கி ஏத்த வேண்டியதில்லை.

மூணாவது வரிசையைப் பத்தி உண்மையைச் சொல்றோம். அருஸ்ல பெரியவங்க உட்கார்ந்தா முட்டி மேல தூக்கிக்கும். சுங்கை சிப்புட் வரைக்கும் சரி, பத்துமலை வரைக்கும்னா நடுவுல ஒரு தடவை இறங்கி காலை நீட்டணும். எக்ஸ்90-ல பரவாயில்லை. ஏழு பேரும் ஏறிட்டா ரெண்டு வண்டியிலயும் பின்னால தேங்காய்ப் பை, பூ, ஒரு பால் குடத்துக்குத்தான் இடம். அன்னதானப் பானைக்கு வேற வண்டிதான்.

சக்தியிலும் எக்ஸ்90தான் மேல. டர்போ எஞ்சின், 190 குதிரை சக்தி. அருஸ் 102தான். தண்ணீர்மலைக்குப் போறப்போ மெனோரா சுரங்கத்துக்கு முன்னால இருக்கிற ஏத்தத்துல ஆள் நிறைஞ்சிருந்தா அருஸ் சத்தம் போடும், இடது பாதையிலதான் ஏறும். வேகமா ஏறணும்னு நினைக்கிறவங்களுக்கு அது பிடிக்காது. மகனுக்கு எக்ஸ்90 மேலதான் ஆசை. ஓட்டிப் பார்த்துட்டு இறங்கினப்போ அவர் முகத்துலயே தெரிஞ்சது.

ஆனா தோட்டத்துப் பாதை வேற. ரப்பர் போய் செம்பனை வந்தாச்சு, லயத்துல ஆளே இல்லை, கோயில் மட்டும் நிக்குது. செம்பனை லாரி ஓடி செம்மண் பாதை முழுக்க குழி. அருஸுக்குத் தரையில இருந்து 220 மில்லிமீட்டர் இடைவெளி. அது அங்கே உதவுது. ஆனா எஸ்யூவின்னு பேர் இருந்தா நாலு சக்கரமும் இழுக்கும்னு நினைச்சுடாதீங்க. அருஸ் பின் சக்கரம் இழுக்கும், எக்ஸ்90 முன் சக்கரம் இழுக்கும், அவ்வளவுதான். மழை பெய்ஞ்ச சேத்துல ரெண்டையும் விடாதீங்க.

அப்புறம் வீட்டு அளவு. எங்க போர்ச் கேட்ல இருந்து கதவுப் படி வரைக்கும் 4.9 மீட்டர். எக்ஸ்90 4.8 மீட்டருக்கு மேல, அருஸ் 4.4 சொச்சம். எக்ஸ்90 நின்னா அம்மா கேட்டுக்கும் வண்டிக்கும் நடுவுல நடக்க முடியாது. டேப் எடுத்து நீங்களும் அளந்துட்டுப் போங்க.

கடைசியா காசு. அறிமுகமானப்போ அருஸ் ஏவி 77,900 வெள்ளி, எக்ஸ்90 ஆரம்ப ரகம் 123,800 வெள்ளி. இப்போதைய விலையை நீங்க கேட்டுக்குங்க, கணக்குப் போடுற முறையை மட்டும் பாருங்க. 10 விழுக்காடு முன்பணம், வட்டி வருஷத்துக்கு 3 விழுக்காடுன்னு வெச்சுக்குவோம். நாங்க எடுத்தப்போ கார் கடன்ல வட்டி முழுத் தொகைக்கும் எல்லா வருஷத்துக்கும் சேர்த்துப் போட்டாங்க. 9 வருஷம்னா எக்ஸ்90-க்கு மாசம் ஏறக்குறைய 1,310 வெள்ளி, அருஸுக்கு 824. "அருஸை 9 வருஷத்துக்கே போட்டா இன்னும் லேசு"ன்னுதான் எல்லாரும் சொன்னாங்க.

நாங்க வேற மாதிரி பார்த்தோம். எங்க ரெண்டு பேருக்கும் இந்த வருஷம் 53. தனியார் துறையில ஓய்வு வயசு 60. 9 வருஷக் கடன்னா சம்பளம் நின்ன பிறகும் ரெண்டு வருஷம் கட்டணும். அதை சேமநிதியில இருந்து எடுக்கணும், இல்லேன்னா மகன் தலையில வைக்கணும். அவருக்கும் வீடு வாங்கணும், பிள்ளை வளர்க்கணும். 7 வருஷத்துக்கு அருஸ்னா மாசம் ஏறக்குறைய 1,010. எங்க ரெண்டு சம்பளத்துல முடியும், 60 வயசுல கடன் தீரும். எக்ஸ்90-க்கு 7 வருஷம்னா ஏறக்குறைய 1,605 வெள்ளி, அது எங்களால முடியாது. இந்தக் கணக்கை ஒரு தாள்ல எழுதி மகன்கிட்ட கொடுத்தோம். படிச்சுட்டு ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "சரிப்பா, மெனோராவுல மெதுவாவே ஏறுவோம்"னார்.

அருஸ் எடுத்தோம். அதோட தரை அம்மாவுக்குக் கொஞ்சம் உயரம். தொழிற்சாலையில கூட வேலை செய்யுற தம்பி ஒருத்தர் இரும்புல 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு படி ஒட்டிக் கொடுத்தார், மேல ரப்பர் விரிப்பு. அது எப்பவும் வண்டியிலயே இருக்கும். இந்த வருஷத் திருவிழாவுல அம்மா அவங்க கையாலயே மாவிளக்கு வெச்சாங்க. தோட்டத்துல கூட வேலை செஞ்ச ஒரு அக்காவைப் பார்த்து, ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கிட்டு அரை மணி நேரம் நின்னாங்க.

வாகன பூஜைக்கு வர்றவங்களுக்கு ஒரு வேண்டுகோள். புது வண்டிங்க பலதுல முன் கண்ணாடி மேல்பக்கம் கேமரா இருக்கு. முன்னால மோதாம பிரேக் பிடிக்க உதவுறது அதுதான். அந்த இடத்துல சந்தனம், விபூதி பூச வேண்டாம், சாமி படம் ஒட்ட வேண்டாம். சில வண்டிக்கு முன் கிரில்லுலயும் கருவி இருக்கும், கனமான மாலையை அங்கே தொங்க விட்டுட்டு ஓட்டாதீங்க. குருக்கள்கிட்ட முன்கூட்டியே சொன்னா பானெட்டுல பொட்டு வெச்சுக் கொடுப்பார். எலுமிச்சம்பழம் நசுக்கினதும் தோலைப் பொறுக்கி குப்பைத் தொட்டியில போட்டுட்டுப் போங்க, வழுக்கி விழுறது வயசானவங்கதான்.

நீங்க எந்த வண்டி எடுத்தாலும், வீட்டுல நடக்க ரொம்ப சிரமப்படுறவங்களை முதல்ல ஏத்திப் பாருங்க. கடன் எந்த வயசுல முடியுதுன்னு எழுதிப் பாருங்க. வேற கேள்வி இருந்தா வெள்ளிக்கிழமை பூஜைக்கு அப்புறம் செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்துல இருப்போம், கேளுங்க. படியோட அளவு வேணும்னாலும் தர்றோம்.

வேலும் மயிலும் துணை.