அந்தப் பாட்டெல்லாம் யாருக்குச் சொந்தம்?

திருச்சி எடமலைப்பட்டி புதூரில் அந்த மைக்செட் கடையைத் தெரியாதவர்கள் குறைவு. ஷட்டரைத் தூக்கினால் ஒரு பக்கம் கறுப்பு பாக்ஸ்கள், இன்னொரு பக்கம் சீரியல் செட் சுருள்கள், மேலே பரணில் இப்போது யாரும் கேட்காத நான்கு குழாய் ஸ்பீக்கர்கள். 2025 வைகாசிக் கடைசியில் ஒரு காலை, கடைச் சாவி உரிமையாளரின் வீட்டுத் திண்ணையில் கிடந்தது. வைத்துவிட்டுப் போனவர் 20 வருஷம் அந்தக் கடையில் இருந்தவர்.

உரிமையாளரைத் தெருவே ‘மைக்செட் அண்ணன்’ என்றுதான் கூப்பிடும். போனவருக்கு ‘டிஜே தம்பி’ என்று பெயர். இருவருக்கும் இடையில் நடந்தது ஏதோ பெரிய துரோகம் என்று சிலர் பேசினார்கள். உண்மையில் அது ஒரு ஹார்டு டிஸ்க்கில் ஆரம்பித்த சண்டை.

தம்பி கடைக்கு வந்தது 2005-ல். பத்தாம் வகுப்பில் கணக்கு போய்விட்டது. அப்பா இல்லை. அம்மா கையைப் பிடித்துக் கூட்டிவந்து, “ரெண்டு மாசம் வேலைக்கு வச்சுக்கோங்க, அப்புறம் பரீட்சை எழுதட்டும்” என்று விட்டுப் போனார். அந்த இரண்டு மாசம் முடியவே இல்லை.

அண்ணன் சொல்லிக்கொடுத்தது வெறும் வேலை மட்டுமில்லை. வயரை எப்படிச் சுருட்டினால் முறுக்கு விழாது, ஜெனரேட்டரை எவ்வளவு தள்ளி வைத்தால் மைக்கில் இரைச்சல் வராது என்பதெல்லாம் ஒரு பக்கம். எப்போது எந்தப் பாட்டு என்பது இன்னொரு பக்கம். விடிகாலையில் முதலில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு. அப்புறம் டி.எம்.எஸ். பாடிய முருகன் பாட்டு. ஆடி மாசம் என்றால் எல்.ஆர்.ஈஸ்வரி இல்லாமல் கூழ் ஊற்றவே முடியாது. தாலி கட்டும் நேரத்தில் மைக்செட்டை நிறுத்திவிட்டு நாகஸ்வரத்துக்கு வழிவிட வேண்டும். “கேக்குறவங்க மூஞ்சியப் பாருடா. மெஷினப் பாக்காத” என்பார் அண்ணன்.

தம்பி அதை அப்படியே பிடித்துக்கொண்டார். கேசட் போய் சி.டி. வந்தது, சி.டி. போய் பென்டிரைவ் வந்தது. திருச்சியில் இரவு கிளப் கலாசாரம் பெரிதாக இல்லை. டிஜே என்பது இங்கே பெரும்பாலும் கல்யாண ரிசப்ஷனுக்கும் கல்லூரி விழாவுக்கும் வருகிறவர்தான். அந்த அலை வந்தபோது அண்ணன் கடன் வாங்கிப் புது பாக்ஸ், மிக்ஸர், லேப்டாப் எல்லாம் வாங்கினார். ஆனால் அதன் முன்னால் நின்று கூட்டத்தை ஆடவைக்க அவரால் முடியவில்லை. தம்பியால் முடிந்தது. மாப்பிள்ளையின் தாத்தா எழுந்து நிற்கிறாரா, உடனே எம்.ஜி.ஆர். பாட்டு. அவர் உட்கார்ந்ததும் பேரன்களுக்கு அனிருத். நடுவில் ஒரு வினாடி இடைவெளி தெரியாது.

கொஞ்சம் கொஞ்சமாக ஆர்டர் கொடுக்க வருகிறவர்களின் கேள்வி மாறியது. “அண்ணே, செட் நல்லா இருக்குமா?” என்று கேட்டவர்கள், “அந்தத் தம்பிதானே வருவாரு?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். அண்ணனுக்கு முதலில் அது பெருமையாக இருந்தது. பிறகு லேசாக உறுத்தியது.

தம்பிக்கும் உறுத்தல் இருந்தது. ரிசப்ஷன் ஒன்றுக்கு 25,000 ரூபாய் வாடகை. அதில் அவர் கைக்கு வருவது 1,500 ரூபாய் பேட்டா. விடிய விடிய நின்றவருக்கு அந்தக் கணக்கு மனசில் ஓடாமல் இருக்குமா?

அண்ணனின் கணக்கு வேறு. அந்த 25,000-ல் லோடு வண்டி, டீசல், நான்கு பையன்களின் கூலி, பாக்ஸுக்கு மாதத் தவணை. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, ஆனால் தவணை உண்டு. தம்பியின் தங்கை கல்யாணத்துக்குக் கொடுத்த 60,000 ரூபாயை அவர் நோட்டில் எழுதவே இல்லை. 2020 ஊரடங்கில் ஒரு விசேஷம்கூட இல்லாதபோது, மாதம் 3,000 ரூபாயும் ஒரு சிப்பம் அரிசியும் தம்பி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதி. “இன்னும் ஒரே ஒரு பாட்டு” என்று மாப்பிள்ளை வீட்டார் கெஞ்சி, தம்பி போட்டு, போலீஸ் வந்த இரவுகளில், முன்னால் போய் நின்று திட்டு வாங்கியது அண்ணன்தான். “நான்தான் சார் போடச் சொன்னேன்” என்பார். தம்பி பெயரை ஒருநாளும் சொன்னதில்லை.

இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. ஆனால் இருவரும் அதை ஒருவரிடம் ஒருவர் சொல்லவில்லை.

வைகாசி ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் கடைக்கு ஆர்டர் இல்லை. தம்பி வேறொரு கடையில் பாக்ஸ் வாடகைக்கு எடுத்து, மதுரை ரோட்டில் ஒரு ரிசப்ஷனைத் தானே நடத்தினார். வீட்டுக்காரர்கள் நேராக அவர் செல்போனுக்கே கூப்பிட்டிருந்தார்கள். மறுநாள் காலை விஷயம் கடைக்கு வந்துவிட்டது.

“சோறு போட்ட கடைக்குத் தெரியாம தொழில் பண்ற அளவுக்கு வளந்துட்டியா?”

“கடையில வேலை இல்லாத நாள்லதானேண்ணே பண்ணேன்.”

“ஆர்டர் வந்தா கடைக்குத்தானே சொல்லணும்?”

“சொன்னா 1,500 ரூபா தருவீங்க.”

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அந்த ஹார்டு டிஸ்க்க மேஜையில வச்சிட்டுப் போ” என்றார். தம்பி வைக்கவில்லை. “டிஸ்க் உங்க காசு. உள்ள இருக்குற ஒவ்வொரு பாட்டும் நான் ராத்திரி முழிச்சுச் சேத்தது” என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நாள்தான் திண்ணையில் சாவி.

இந்தச் சண்டை எடமலைப்பட்டி புதூருக்குப் புதிது. உலகத்துக்குப் பழையது.

அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1977-ல் ராபர்ட் வில்லியம்ஸ் என்பவர் ‘வேர்ஹவுஸ்’ என்ற கிளப்பைத் தொடங்கினார். நியூயார்க்கிலிருந்து ஃபிராங்கி நக்கிள்ஸ் என்ற இளைஞரை வரவழைத்து, நிரந்தர டிஜேவாக வைத்துக்கொண்டார். வாரா வாரம் கூட்டம் அலைமோதியது. இன்று உலகம் முழுக்க ‘ஹவுஸ் மியூசிக்’ என்று சொல்லப்படும் இசைக்குப் பெயர் வந்ததே அந்த கிளப்பிலிருந்துதான் என்பார்கள். 1982-ல் நக்கிள்ஸ் அங்கிருந்து விலகி ‘பவர் பிளான்ட்’ என்று சொந்தமாக ஒரு கிளப் ஆரம்பித்தார். கூட்டத்தில் பெரும்பகுதி அவர் பின்னாலேயே போனது. வில்லியம்ஸ் சோர்ந்து உட்காரவில்லை. ‘மியூசிக் பாக்ஸ்’ என்ற பெயரில் ரான் ஹார்டி என்ற வேறொரு டிஜேவுடன் தொடர்ந்தார். பிரிந்ததில் ஊருக்கு ஒன்றுக்கு இரண்டு இடம் கிடைத்தது. 2004-ல் சிகாகோ நகரம், பழைய வேர்ஹவுஸ் இருந்த பக்கத்துத் தெருவுக்கு நக்கிள்ஸின் பெயரைக் கௌரவமாகச் சூட்டியது.

நியூயார்க்கில் கதை வேறு மாதிரி. ‘பாரடைஸ் கராஜ்’ கிளப்பின் உரிமையாளர் மைக்கேல் பிரோடி. அவருடைய டிஜே லேரி லெவான். இருவரும் கடைசிவரை பிரியவில்லை. 1987-ல் கிளப் மூடப்பட்டது, அதே ஆண்டு பிரோடி இறந்தார். அந்த இடத்தோடு பின்னிப்போயிருந்த லெவான், அதன் பிறகு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. 1992-ல் 38 வயதில் மறைந்தார். பிரியாமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் சென்னையிலேயே இதற்கு நெருக்கமான ஒன்று நடந்தது. எல்.வி.பிரசாத் காலத்தில் கிடைத்த பிரசாத் ஸ்டுடியோ ஒலிப்பதிவுக் கூடத்தில் 40 ஆண்டுகளுக்கு மேல் இசையமைத்தவர் இளையராஜா. அடுத்த தலைமுறை நிர்வாகத்துக்கு வந்த பிறகு அந்த இடம் குறித்துத் தகராறு எழுந்து, சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. தன் பொருள்களை எடுத்துக்கொள்ள ஒரு நாள் உள்ளே செல்லலாம் என்று 2020 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. 2021 பிப்ரவரியில் அவர் கோடம்பாக்கத்தில் சொந்த ஸ்டுடியோவைத் தொடங்கினார்.

அந்தச் செய்தி வந்த நாளில், வேலையில்லாத கடையில் அண்ணனும் தம்பியும் டீயோடு உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். “இடம் அவங்களதுதானே, கேட்டா குடுக்கணும்ல” என்றார் அண்ணன். “அந்தச் சுவருக்குள்ள இருந்த பாட்டு யாருதுண்ணே?” என்றார் தம்பி. இருவரும் சிரித்துக்கொண்டார்கள். அன்றைக்கு அது அடுத்தவர் கதை.

சாவி வந்த பிறகு அண்ணன் ஒரு யோசனைக்கு வந்தார். தங்கை கல்யாணத்துக்குக் கொடுத்த பணத்தைக் காட்டி, ‘மூன்று வருஷம் இந்தப் பக்கம் டிஜே தொழில் செய்ய மாட்டேன்’ என்று தம்பியிடம் எழுதி வாங்கிவிட வேண்டும். கேட்டுக்கொண்டிருந்தவர் சட்டம் படிக்கும் அவருடைய மகள்.

“அப்பா, அது செல்லாது” என்றாள். 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தத்தை ஏற்காது. வேலையில் இருக்கும்போது கட்டுப்பாடு வைக்கலாம், வேலையை விட்டுப் போனவரின் கையைக் கட்ட முடியாது. “நீங்க வாய்ச் சொல்லாத்தான் எல்லாமே பேசியிருக்கீங்க. வாய்ச் சொல்லும் ஒப்பந்தம்தான். ஆனா யாரு என்ன சொன்னாங்கன்னு நிரூபிக்கணுமே” என்றாள். பிறகு மெதுவாக, “60,000 ரூபாய இப்ப கணக்குல எழுதினா, அன்னிக்கு நீங்க குடுத்தது உதவி இல்ல, அட்வான்ஸ்னு ஆயிடும்ப்பா” என்றாள்.

அந்த வார்த்தை அண்ணனுக்குத் தைத்தது. அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

ஆடி பிறந்தது. கோயிலில் மைக்செட் கட்டவேண்டிய நாள். 34 வருஷமாக அந்தக் கோயிலுக்கு அண்ணன் காசு வாங்கியதில்லை. 20 வருஷமாக முதல் பாட்டுப் போடுவது தம்பி. அண்ணி யாரிடமும் கேட்காமல் போனை எடுத்தார்.

“தம்பி, ஆத்தாளுக்குப் பாட்டுப் போட வருவியா, இல்ல அதுக்கும் கோவமா?”

“வரேன் அண்ணி.”

விடிகாலை 5 மணிக்கு முன்னால் வந்துவிட்டார். கையில் ஹார்டு டிஸ்க். கூடவே புதிதாக இன்னொன்றும் இருந்தது. “எல்லாத்தையும் காப்பி போட்டுட்டேண்ணே. உங்களது இது” என்று பழையதை நீட்டினார். அண்ணன் அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. வயரின் மறுமுனையை எடுத்துக்கொண்டு ஏணி பக்கம் நடந்தார்.

அன்று மத்தியானம் கூழ் குடித்துவிட்டு, கோயில் வேப்பமரத்தடியில் பேச்சு நடந்தது. இந்த முறை நோட்டு இருந்தது. எழுதியவள் மகள். தம்பி இனி கடையின் ஆள் இல்லை, தனி டிஜே. தனக்கு வரும் ஆர்டருக்குப் பாக்ஸை அண்ணன் கடையில்தான் எடுப்பார், வெளி வாடகையைவிடக் கொஞ்சம் குறைத்து. கடைக்கு வரும் ஆர்டரில் அவரைக் கேட்டால், செலவு போக மிச்சத்தில் 40 சதவிகிதம் அவருக்கு. இரவு 10 மணிக்கு மேல் பாட்டுப் போட்டால், போலீஸுக்குப் பதில் சொல்வது போட்டவரே. அந்த வரியை எழுதச் சொன்னது தம்பி.

“60,000?” என்று தம்பியே கேட்டார்.

“அது உன் தங்கச்சிக்கு நான் செஞ்ச சீரு. அத ஏன்டா நோட்டுக்குக் கொண்டு வர்ற?” என்றார் அண்ணன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. முன்புபோலத் தம்பி மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதில்லை. கடைக்குப் புதிதாக ஒரு பையன் வந்திருக்கிறான். தம்பி பாக்ஸ் எடுக்க வரும் நாள்களில், ஒரு வாடிக்கையாளர்போல வாசலில் நின்று ரசீது வாங்கிக்கொள்கிறார். அப்போது அண்ணன் கொஞ்சம் வேலை இருப்பதுபோல உள்ளே போய்விடுகிறார்.

ஆனால் 2025-ல் பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையம் திறந்த பிறகு அந்தப் பக்கம் கடைத் திறப்பு விழாக்கள் கூடிவிட்டன. ஒரே நாளில் இரண்டு மூன்று ஆர்டர் வருகிறது. “டிஜே யாருண்ணே?” என்று கேட்கிறவர்களிடம் அண்ணன் தம்பியின் செல்போன் எண்ணைத் தானே எழுதிக் கொடுக்கிறார்.

புதுப் பையனுக்குப் பாடம் நடக்கிறது. வயர் சுருட்டக் கற்றுக்கொண்டுவிட்டான். பேட்டா எவ்வளவு, பங்கு எப்போதிலிருந்து என்பது நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. போன வாரம் அவன் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தபோது, பாக்ஸ் எடுக்க வந்த தம்பி வாசலிலிருந்தே குரல் கொடுத்தார்.

“டேய், மெஷினப் பாக்காத. கேக்குறவங்க மூஞ்சியப் பாரு.”

உள்ளே இருந்த அண்ணன் வெளியே வந்து, “டீ சொல்லட்டுமா?” என்றார்.