சிவப்பு ஏன் வரலை மாமா?

விழுப்புரத்துப் பையன் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறான் என்றால், ஒரு காலத்தில் எழும்பூருக்கு டிக்கெட் எடுத்துவிட்டான் என்று அர்த்தம். 2024 பிப்ரவரியில் வானூர் தாலுகா திருச்சிற்றம்பலத்தில் மினி டைடல் பார்க் திறந்தார்கள். அதிலிருந்து திண்டிவனத்தில் இருக்கும் என் அக்கா மகன், "மாமா, இந்தப் பக்கமே வேலை தேடலாம்ல?" என்கிறான்.

தேடலாம். ஆனால் வேலை கொடுக்கிறவர்கள் பரீட்சை வைக்கிறார்களே! அவனுக்கு வந்தது இது: சீட்டுப் பணம் கட்டியவர் பெயர் பச்சையில், கட்டாதவர் சிவப்பில். டெயில்விண்டும் வீட்டும் வைத்துச் செய்து, ராத்திரி பன்னிரண்டுக்குள் அனுப்ப வேண்டும்.

'வீட்' என்றால் பிரெஞ்சில் சீக்கிரம். ('வைட்' என்று சொல்லாதீர்கள், பக்கத்தில் பாண்டிச்சேரி இருக்கிறது!) அது கல்யாண பஸ் மாதிரி. ஒரு ஃபைலைக் கூப்பிட்டால், அது இம்போர்ட் செய்கிற ஃபைல், அதன் ஒன்றுவிட்ட ஃபைல் என்று சொந்தபந்தம் மொத்தத்தையும் ஏற்றிக்கொள்ளும். அழைக்காதவருக்கு சீட் கிடையாது. டெயில்விண்ட், மேக்கப் பார்ட்டி. 2025 ஜனவரியில் வந்த நாலாம் பதிப்பில் வேலை சுலபம். டெயில்விண்டையும் அதன் வீட் பிளக்-இன்னையும் இறக்கி, கான்ஃபிக் ஃபைலில் பிளக்-இன்னைச் சேர்த்து, ஸ்டைல் ஃபைலில் ஒரு இம்போர்ட் வரி. அந்த ஸ்டைல் ஃபைலையும் பஸ்ஸுக்கு அழைத்துவிட்டால் தீர்ந்தது.

பயல் எல்லாம் செய்திருந்தான். பக்கம் அழகாக வந்தது. பெயர்கள் மட்டும் கறுப்பு. மணி பத்தரை, ஃபோனில் அழுகிற குரல்.

"கிளாஸ் பேரை எப்படிடா எழுதியிருக்கே?"

"'டெக்ஸ்ட்-' தனியா, கலர் தனியா, '-600' தனியா மாமா. ஓடும்போது ஒட்டிக்கும்."

அங்கேதான் சிக்கல். டெயில்விண்ட் புரோகிராமை ஓட்டிப் பார்ப்பதில்லை. ஃபைலை வெறும் எழுத்தாகப் படித்து, முழுசாக எழுதியிருக்கும் பெயருக்குத்தான் ஸ்டைல் தயாரிக்கும். ரேஷன் கார்டில் இனிஷியல், ஆதாரில் பெயர். "சேர்த்துப் படிச்சுக்குங்க சார்" என்றால் சர்டிபிகேட் கிடைக்குமா?

"மாப்ளே, 'டெக்ஸ்ட்-ரெட்-600' ஒண்ணு, 'டெக்ஸ்ட்-கிரீன்-600' ஒண்ணு. ரெண்டையும் முழுசா எழுது. கட்டலைன்னா முதல்லது, கட்டிட்டா அடுத்தது."

பத்து நிமிஷத்தில் வாட்ஸ்அப்பில் படம் வந்தது. பாக்கிதாரர்கள் செக்கச்செவேல்! பதினொன்றேகாலுக்கு அனுப்பிவிட்டான். பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

மறுநாள் அக்கா ஃபோன் செய்தாள்.

"ஏண்டா, ராத்திரி பூரா உன்கிட்ட சிவப்பு, சிவப்புன்னு புலம்பிக்கிட்டிருந்தானே... யாருடா அந்தப் பொண்ணு?"