படகு என்ஜினுக்கு எந்த ஆயில்? ஒரு பி.காம். மாணவனின் ஆராய்ச்சி :-)

பி.காம். படிக்கிறவனுக்கும் என்ஜின் ஆயிலுக்கும் என்னய்யா சம்பந்தம்னு நீங்க கேட்கறது காதுல விழுது. சம்பந்தம் இருக்கு. எங்க சித்தப்பா துபாய் பக்கம் ஒரு படகுத்துறையில மெக்கானிக். அவர் பார்க்கிற படகுகள்ல பாதி பெட்ரோல் இன்போர்டு. அதுல ஒரு படகோட ஓனர், "கார் ஆயில் பாதி விலைக்குக் கிடைக்குது, அதையே ஊத்து"ன்னு நிக்கிறார். சித்தப்பாவுக்கு மனசு ஒப்பலை. ஆனா ஏன் கூடாதுன்னு கோர்வையா எடுத்துச் சொல்லவும் வரலை. அதனால வேலை என் தலையில வந்து விழுந்தது. ரெண்டு வாரம் படிச்சதை இங்கே இறக்கி வைக்கிறேன்.

முதல்ல, இன்போர்டுன்னா என்ன? நம்ம கடற்கரையில ஃபைபர் படகுக்குப் பின்னாடி தொங்குதே, அது அவுட்போர்டு. என்ஜின் படகுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தா இன்போர்டு. நம்ம ஊர் விசைப்படகுலயும் உள்ளேதான் இருக்கும், ஆனா அது டீசல். பெட்ரோல் இன்போர்டு பெரும்பாலும் உல்லாசப் படகு சமாச்சாரம். அமெரிக்காவிலயும் வளைகுடாவிலயும் அதிகம்.

ஓனர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. அதையும் சொல்லிடணும். மெர்க்ரூஸர், வால்வோ பென்டா மாதிரி கம்பெனிகள் பல வருஷமா படகுல வெச்ச 5.7 லிட்டர் வி-8, அடிப்படையில ஜெனரல் மோட்டார்ஸோட கார், டிரக் என்ஜின்தான். அதே பிளாக், அதே பிஸ்டன். அப்போ அதே ஆயில் போதாதா?

போதாது. காரணம் மூணு.

ஒண்ணு, சுமை. கார் ஹைவேயில வேகம் பிடிச்சதுக்கு அப்புறம் என்ஜின் தன் சக்தியில கொஞ்சத்தைத்தான் செலவு பண்ணும். இறக்கம் வந்தா ஓய்வு, சிக்னல் வந்தா ஓய்வு. தண்ணியில இறக்கமே கிடையாது. ஆக்ஸிலரேட்டரைக் குறைச்சா படகு நின்னுடும். அதனால படகு என்ஜின் மணிக்கணக்கா 3,000, 3,500 சுற்றுல ஓடும். மலைப்பாதையில லோடு லாரி நாள் முழுக்க ஏறிக்கிட்டே இருந்தா எப்படியோ, அப்படி. இந்தச் சூட்டுலயும் அழுத்தத்துலயும் ஆயில் இளகிப்போகாம பேரிங்குக்கு நடுவுல படலமா நிக்கணும்.

ரெண்டு, குளிர்ச்சி. இதுதான் எனக்கு ஆச்சரியமா இருந்தது. இவ்வளவு சுமை தூக்கற என்ஜின், தண்ணி ஓடற பக்கம் கார் என்ஜினை விடக் குளிர்ச்சியா இருக்கும்! கார்ல கூலன்ட் 90 டிகிரி செல்சியஸ் வாக்குல ஓடும். கடல் தண்ணியை நேரா உறிஞ்சி குளிர்விக்கிற படகுல தெர்மோஸ்டாட் 60 டிகிரி சொச்சத்துலயே திறந்துடும். அதுக்கு மேல சூடானா உப்பும் சுண்ணாம்பும் உள்ளே படிஞ்சு பாதையை அடைக்கும். சரி, இதனால ஆயிலுக்கு என்ன? எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர்ல வழிஞ்சு ஆயில்ல கலக்கும். உள்ளே வேர்க்கிற ஈரமும் சேரும். சூடான கார் என்ஜின்ல ரெண்டும் ஆவியாப் போயிடும். படகுல மெதுவாத்தான் போகும், சில சமயம் போகவே போகாது. நாளாக ஆக ஆயில் நீர்த்துப் போகும்.

மூணு, சும்மா கிடக்கிறது. கார் தினமும் ஓடும். உல்லாசப் படகு மாசத்துல ரெண்டு நாள் ஓடும், மீதி நாள் உப்புக்காத்துல தூங்கும். வடிஞ்சு போன ஆயிலுக்குப் பின்னாடி இருக்கிற இரும்புல துரு பிடிக்கும். கார் ஆயிலுக்கு இந்தக் கவலை அவ்வளவா கிடையாது.

அதனாலதான் அமெரிக்கப் படகுத் தயாரிப்பாளர் சங்கம் (என்.எம்.எம்.ஏ.) நாலு ஸ்ட்ரோக் படகு என்ஜினுக்குன்னே எஃப்.சி-டபிள்யூன்னு ஒரு சான்று வெச்சிருக்கு. துரு சோதனை, ஈரம் கலந்தா ஃபில்டர் அடைக்குதான்னு ஒரு சோதனை, நுரை சோதனை, ஓட ஓட தடிமன் எவ்வளவு குறையுதுன்னு ஒரு சோதனை. டப்பாவுல முதல்ல தேட வேண்டியது இந்த எழுத்தைத்தான். டிசி-டபிள்யூ3ன்னும் ஒண்ணு இருக்கும். அது ரெண்டு ஸ்ட்ரோக்குக்கு, பெட்ரோலோட கலந்து எரிக்கிற ஆயில். மாத்தி ஊத்திடாதீங்க.

அடுத்து நம்பர். மெர்க்ரூஸர் என்ஜின்களுக்கு அந்தக் கம்பெனி வழக்கமா சொல்றது 25டபிள்யூ-40. கார்க் கடையில இந்த நம்பரைப் பார்க்கவே முடியாது. முன்னாடி இருக்கிற எண் குளிர்ல ஸ்டார்ட் பண்றதுக்கு (டபிள்யூன்னா வின்டர்). பின்னாடி இருக்கிற 40, சூடான நிலையில எவ்வளவு தடிமன்னு சொல்லுது. எஸ்.ஏ.இ. அளவுப்படி 100 டிகிரியில 40 கிரேடு 12.5-ல இருந்து 16.3 சென்டிஸ்டோக் வரைக்கும். 30 கிரேடு 9.3-ல ஆரம்பிக்குது. பனியில காரை ஸ்டார்ட் பண்றவனுக்கு 5டபிள்யூ வேணும். துபாய்ல படகு ஓட்டறவனுக்குப் பனி ஏது?

இதுக்கு நடுவுல சித்தப்பா ஒரு நாள் போன்ல, "டேய் தம்பி, ஓனர் எஸ்.க்யூ.ன்னு புதுசா வந்த கார் ஆயில் டப்பாவைக் காட்டறாருடா. புதுசுன்னா நல்லதுதானே?"ன்னு கேட்டார்.

"அது காருக்குப் புதுசு சித்தப்பா. நீங்க எஃப்.சி-டபிள்யூ இருக்கான்னு மட்டும் பாருங்க"ன்னேன்.

விஷயம் இதுதான். 2004-ல எஸ்.எம்., 2010-ல எஸ்.என்., 2020-ல எஸ்.பி., 2025-ல எஸ்.க்யூ.ன்னு கார் ஆயில் தரம் மாறிக்கிட்டே வருது. ஆனா எஸ்.எம். காலத்துல இருந்தே 5டபிள்யூ-30 மாதிரி மெல்லிய கிரேடுகள்ல பாஸ்பரஸ் 0.08 சதவீதத்தைத் தாண்டக்கூடாதுன்னு கட்டுப்பாடு. கார் சைலன்சர்ல இருக்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டரை அது கெடுக்கும். பாஸ்பரஸும் துத்தநாகமும் சேர்ந்த கலவைதான் தேய்மானத்தைத் தடுக்கிறது. பழைய படகு என்ஜினுக்கு கன்வெர்ட்டரே கிடையாது. ஒரு நன்மையும் இல்லாம பாதுகாப்பைக் குறைச்சுக்கிட்ட மாதிரி ஆயிடும். அமெரிக்காவுல 2010 மாடல்ல இருந்து இன்போர்டுக்கும் கடுமையான புகை விதி வந்து, கேட்டலிஸ்ட் வெச்ச என்ஜின்கள் வந்துடுச்சு. அந்த மாதிரி என்ஜினுக்குப் பொருந்தற எஃப்.சி-டபிள்யூ தனியா இருக்கு. அதனால என்ஜின் வருஷம் தெரியாம ஆயில் வாங்கக் கூடாது. கடைசி வார்த்தை அந்த என்ஜினோட மேனுவல்தான்.

சரி, நம்ம சப்ஜெக்டுக்கு வருவோம். கணக்கு :-)

5.7 லிட்டர் வி-8க்கு ஆயில் நாலரை லிட்டர் வாக்குல பிடிக்கும். 100 மணி நேரத்துக்கு ஒரு தடவை, இல்லைன்னா வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். லிட்டருக்கு 20 திர்ஹாம் வித்தியாசம்னு வெச்சுக்குவோம். ஒரு தடவைக்கு மிச்சம் 90 திர்ஹாம். அதே 100 மணி நேரத்துல, மணிக்கு 40 லிட்டர்னு போட்டா பெட்ரோல் 4,000 லிட்டர். லிட்டர் ரெண்டரை திர்ஹாம்னாலும் 10,000 திர்ஹாம். ஆக, ஓனர் மிச்சம் பிடிக்கிறது எரிபொருள் செலவுல ஒரு சதவீதம்கூட இல்லை. அதுக்காகப் பணயம் வைக்கிறது முழு என்ஜினையும்.

ஆனா எனக்கு உறுத்தினது வேற. மிச்சமாகிற 90 திர்ஹாம் ஓனர் பைக்குப் போகும். என்ஜின் போனா பழி யார் மேல? "மெக்கானிக் சரியில்லை"ம்பாங்க. லாபம் ஒருத்தருக்கு, ரிஸ்க் இன்னொருத்தருக்கு. ஏஜென்சி பிராப்ளம்னு எங்களுக்குப் பாடத்துல வரும். பாடத்துல கம்பெனி டைரக்டர்களை வெச்சு சொல்லுவாங்க. இங்கே விசாவே ஓனர் கையில இருக்கிற ஒரு மெக்கானிக்.

ஆயிலால ஆகாத காரியமும் உண்டு. டிப்ஸ்டிக்ல ஆயில் பால் காபி நிறத்துல வந்தா தண்ணி கலந்திருக்கு. உப்புத் தண்ணியில எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு அரிச்சுப் போனா இப்படி ஆகும். எவ்வளவு விலை கொடுத்த ஆயிலும் அதைச் சரிபண்ணாது. ஊத்தாமலே ஆயில் மட்டம் ஏறி, பெட்ரோல் வாசனை அடிச்சா எரிபொருள் கலக்குது. கூடுதலா ஊத்தறதும் ஆபத்து, கிராங்க் அடிச்சு நுரையாக்கிடும். படகை ரொம்ப நாள் நிறுத்தப் போறீங்கன்னா, நிறுத்தறதுக்கு முன்னாடி ஆயில் மாத்துங்க. அழுக்கு ஆயிலோட தூங்க விடாதீங்க.

சித்தப்பாவுக்கு நான் கொடுத்த யோசனை ஆயில் பத்தினது இல்லை. ஒரு நோட்டு போடுங்கன்னேன். தேதி, ஓடின மணி நேரம், டப்பாவுல இருக்கிற சான்றும் கிரேடும், ஃபில்டர் நம்பர், மேனுவல்ல அந்தப் பக்கம் எது. கடைசிக் கட்டத்துல ஓனர் கையெழுத்து. கார் ஆயில்தான் வேணும்னா ஊத்துங்க, ஆனா அதையும் எழுதி அவர்கிட்டயே கையெழுத்து வாங்குங்க. வாயால சொன்ன ஆர்டர் நாளைக்கு ஞாபகம் இருக்காது.

அந்தப் படகோட பக்கத்துல முதல் கையெழுத்து போன வாரம் விழுந்தது. எஃப்.சி-டபிள்யூ, 25டபிள்யூ-40. கையெழுத்துன்னதும் ஓனருக்கே ஒரு யோசனை வந்திருக்கும் போல :-)