ஓர் அட்டை மாத்திரை

துறை மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மாணவர்கள் கேட்டபொழுது, வழக்கம்போல் சங்க இலக்கியத்திலிருந்தோ சீறாப்புராணத்திலிருந்தோ ஒரு பகுதியை எடுத்து எழுதிவிடலாம் என்றே எண்ணினோம். எழுத அமர்ந்து தாள் தேடியபொழுது, மேசை இழுப்பறையில் வாப்பாவின் கணக்குக் குறிப்பேடு கையில் பட்டது. அதனைப் புரட்டிய பின்னர் வேறெதையும் எழுத மனம் ஒப்பவில்லை.

வாப்பா பல்லாவரத்தில் தோல் தொழிற்கூடம் ஒன்றில் முப்பது ஆண்டுகள் கணக்கராக இருந்தவர். தமிழில் கணக்கெழுதுவார், கீழக்கரையில் இருந்த தம் தமக்கைக்கு அறபுத் தமிழில் மடல் எழுதுவார். இரண்டும் முத்துக் கோத்தாற்போல் இருக்கும். 2010-ஆம் ஆண்டளவில் அவ்வெழுத்துச் சிறுக்கத் தொடங்கியது. வரியின் தொடக்கத்தில் நெல்லளவு இருக்கும் எழுத்து, வரி முடியுமுன் கடுகளவு ஆகிவிடும். பார்வைக் கோளாறு என்று கருதி மூக்குக்கண்ணாடியை மாற்றினோம். பிராமி முதற்கொண்டு தமிழ் வரிவடிவம் மாறிவந்த வரலாற்றை வகுப்பில் ஆண்டுதோறும் நடத்தும் நமக்கு, வீட்டிலேயே ஒருவர் எழுத்து மாறுவதன் பொருள் விளங்கவில்லை.

பின்னர் வலக்கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் ஒன்றன்மேல் ஒன்று உருளத் தொடங்கின. ஊரப்பாக்கத்துப் பள்ளிவாசலில் அவரை நன்கு அறியாதோர், ஓயாது தஸ்பீஹ் உருட்டும் பெரியவர் என்று மதித்து ஸலாம் கூறிச் சென்றனர். வாப்பா மறுத்ததில்லை. "விரல் தானாக உருட்டுகிறது. நாவும் ஓதிவிட்டால் கணக்கு நேராகிவிடும்" என்று நகைப்பார்.

அது பார்க்கின்சன் நோய் என்று 2011-இல் நரம்பியல் மருத்துவர் ஒருவர் கூறினார். இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் இந்நோயைப் பற்றிச் சிறு நூல் எழுதியதனால் அவர் பெயர் நிலைத்தது. நம்மவர் நடுக்குவாதம் என்பர். நடுமூளையில் டோபமின் என்னும் பொருளைச் சுரக்கும் அணுக்கள் சிறிது சிறிதாக மடிகின்றன. அதனால் கை நடுங்குகிறது, நடை தளர்கிறது, முகம் அசைவிழக்கிறது. லெவோடோபா என்னும் மருந்து அக்குறையை ஓரளவு ஈடுசெய்யும். மடியும் அணுக்களைக் காக்காது. இம்மருந்துப் பொருள் நம் வேலியோரத்துப் பூனைக்காலி விதையில் உண்டு. அதனை அவ்விதையிலிருந்து பிரித்தெடுத்து 1937-இல் கட்டுரை வெளியிட்டவர்கள் தாமோதரன், இராமசாமி என்னும் இருவர்; ஆய்வு நடந்த இடம் நம் சென்னை. பார்க்கின்சன் நோய்க்கு அது மருந்தாகும் என்பதை உலகம் அறிந்துகொள்ள மேலும் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின. ஒரு துறையில் கண்ட பொருளின் பயன் வேறொரு துறையில் விளங்குவது மருத்துவத்தில் புதிதன்று. இச்செய்தியை நாம் அறிந்திருந்தமையும் பின்னர் நேர்ந்த பிழைக்கு ஒரு காரணமாயிற்று.

எங்கள் சாச்சாவின் மகன் கூடுவாஞ்சேரியில் கடை வைத்திருப்பவர். 2008-இல் அவருக்கு இரத்தப் புற்றுநோய் வகைகளுள் ஒன்று கண்டறியப்பட்டது. நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்று என்பது அதன் பெயர். அணுவினுள் இருக்கும் 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால் வருவது அது. அவ்வாறு மாறிய சிறு குரோமோசோமை 1960-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நோவெல், ஹங்கர்ஃபோர்டு என்னும் இருவர் கண்டனர். இடமாற்றத்தை விளக்கியவர் ஜேனட் ரௌலி அம்மையார், ஆண்டு 1973. துண்டு இடம் மாறும்பொழுது ஏபிஎல் என்னும் நொதி பிறிதொன்றுடன் ஒட்டி, அணைக்க இயலாத மின்விசைபோல் ஆகிவிடுகிறது. வெள்ளணுக்கள் அளவின்றிப் பெருகுகின்றன. அந்நொதியை அடக்கும் இமாட்டினிப் என்னும் மாத்திரைக்கு 2001-இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. சில ஆண்டுகளில் உயிர் கொண்டுபோன நோய், நாள்தோறும் மாத்திரை விழுங்கி நெடுங்காலம் வாழத்தக்க நோயாயிற்று.

மாத்திரை இருந்தது, அதனை வாங்க இயல வேண்டுமே. நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் மாத்திரை மாதத்திற்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய். இந்திய நிறுவனங்கள் செய்தது 8,000 முதல் 10,000 ரூபாய் வரை. நோவார்ட்டிஸ் கோரிய காப்புரிமையை 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. அவ்வலுவலகம் இன்று இருப்பது கிண்டியில், ஊரப்பாக்கத்தின் வழியே செல்லும் அதே ஜி.எஸ்.டி. சாலையின்மீது. வழக்குச் சென்னை உயர்நீதிமன்றத்தையும் கண்டு, இறுதியில் உச்சநீதிமன்றம் சென்றது. 2013 ஏப்ரல் 1 அன்று நீதியரசர்கள் அஃப்தாப் ஆலம், ரஞ்சனா தேசாய் ஆகியோர் அமர்வு நிறுவனத்தின் முறையீட்டைத் தள்ளியது. அன்றிரவு தம்பி இனிப்புப் பெட்டியுடன் வந்தார். வாப்பாவின் வாயில் அவரே ஊட்டிவிட்டார். வாப்பாவின் கை அதற்குள் இனிப்பை வாய்வரை கொண்டுசெல்லும் நிலையில் இல்லை.

2015 அக்டோபரில் ஒரு செய்தி வந்தது. அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் 12 நோயாளிகளுக்கு நிலோட்டினிப் என்னும் இரத்தப் புற்று மருந்தைச் சிறிய அளவில் ஆறு மாதம் கொடுத்தனர் என்றும், பேச்சிழந்தவர் பேசினார், நடக்க இயலாதவர் நடந்தார் என்றும் நாளேடுகள் எழுதின. நிலோட்டினிப் என்பது இமாட்டினிப்பின் இளவல். அதுவும் ஏபிஎல் நொதியை அடக்குவதே. இரத்தத்தில் தவறு செய்யும் நொதிக்கும் மூளையில் மடியும் அணுவிற்கும் என்ன உறவு? அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் முன்னரே விடை கண்டிருந்தனர். மூளையணுவைக் காக்கும் பார்க்கின் என்னும் புரதத்தை, மிகையாகத் தூண்டப்பட்ட ஏபிஎல் செயலிழக்கச் செய்கிறது என்பது 2010-இல் வெளியான முடிவு. நிலோட்டினிப் எலிகளின் டோபமின் அணுக்களைக் காக்கிறது என்னும் கட்டுரை 2014-இல் வந்தது. அதன் முதலாசிரியர் பெயர் செந்தில்குமார் கருப்பகவுண்டர். அப்பெயரைக் கண்டபொழுது, நம் வீட்டார் ஒருவரே உறுதி கூறியதுபோல் நமக்குத் தோன்றியது. பெயரைக் கண்டு சான்றை எடைபோடுதல் ஆசிரியத் தொழிலில் இருப்போர் செய்யத்தகாதது. செய்தோம்.

தம்பியிடம் கேட்டோம். நிலோட்டினிப் வாங்க வசதியில்லை. அவரிடம் இருந்த இமாட்டினிப்பும் அதே குடும்பத்ததுதானே என்பது நம் வாதம். அவர் மறுசொல் கூறவில்லை. "பெரிய வாப்பாவுக்கு இல்லாததா காக்கா? நான் கடையில் வாங்கிக்கொள்கிறேன்" என்று ஓர் அட்டையை, பத்து மாத்திரைகளை, எடுத்துக் கொடுத்தார். சத்துமாத்திரை என்று சொல்லி வாப்பாவுக்கு இரண்டு நாள் கொடுத்தோம். இரண்டாம் நாள் இரவு அவர் இருமுறை வாந்தியெடுத்தார்.

மறுநாள் நரம்பியல் மருத்துவரிடம் சென்று உண்மையைச் சொன்னோம். அவர் சினந்திருந்தால் எளிதாயிருந்திருக்கும். நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்து விளக்கினார். "அந்த ஆய்வில் மருந்து கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழுவே இல்லை, சார். பன்னிரண்டு பேரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இமாட்டினிப் மூளைக்குள் ஏறக்குறையப் போவதே இல்லை. நிலோட்டினிப் போனாலும் இதயத் துடிப்பைக் குலைக்கக் கூடியது. அதெல்லாம் இருக்கட்டும். மாத்திரை கொடுத்தவருக்கு நாள் தவறலாமா? தவறினால் புற்று மருந்துக்கு அடங்காமல் போகலாமே?" கடைசி வினாவிற்கு நம்மிடம் விடையில்லை. வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் நோயாளி, மருத்துவன், மருந்து என்பவற்றோடு உடனிருந்து மருந்து கொடுப்போனையும் ஓர் உறுப்பாக வைத்தது ஏன் என்பதனை அன்று பேருந்தில் திரும்பும்பொழுது உணர்ந்தோம். பல ஆண்டுகள் நாம் பாடம் நடத்திய குறள் அது.

எஞ்சிய எட்டு மாத்திரைகளைத் தம்பியிடம் திருப்பிக் கொடுத்தோம். வாப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. 2019-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் இறைவனடி சேர்ந்தார்.

ஆய்வு நின்றுவிடவில்லை. அமெரிக்காவின் பல மருத்துவமனைகள் கூடி, 76 நோயாளிகளைக் குழுக்களாகப் பிரித்து, யாருக்கு மெய்யான மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்பது மருத்துவருக்கும் தெரியாதவாறு நிலோட்டினிப்பைச் சோதித்தன. 2019 இறுதியில் முடிவு அறிவிக்கப்பட்டது: பயனில்லை, மூளையைச் சூழ்ந்த நீரில் மருந்து மிகச் சொற்பமாகவே சேர்ந்திருந்தது. மூளைக்குள் நன்கு செல்லும் ஏபிஎல் அடக்கி வேண்டும் என்று சன் பார்மாவின் ஆய்வு நிறுவனம் வோடோபாட்டினிப் என்னும் மருந்தைக் கொண்டுவந்தது. இரத்தப் புற்றில், பிற மாத்திரைகளுக்கு அடங்காத நோயாளிகள் சிலரிடத்தும் அது வேலை செய்தது. அதே மருந்தைப் பல நாடுகளில் சில நூறு பார்க்கின்சன் நோயாளிகளிடம் சோதித்தனர். அங்கும் பயன் தெரியவில்லை என்று 2024-இல் நிறுத்திவிட்டனர். அந்நோயாளிகள் அனைவரும் விரும்பிப் பெயர் கொடுத்தவர்கள். வெற்று மாத்திரையும் தமக்கு வரக்கூடும் என்று அறிந்து கையொப்பமிட்டவர்கள். அவர்களுள் பலர் கையொப்பமும் கடுகளவாகத்தான் இருந்திருக்கும்.

குறிப்பேட்டிற்கு வருவோம். 2015 நவம்பர்ப் பக்கம். பால் கணக்கு, மின்கட்டணம், பள்ளிவாசல் சந்தா. அவற்றின் கீழே எறும்பு ஊர்ந்தாற்போன்ற ஒரு வரி. உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டுதான் படிக்க முடிந்தது: "தம்பி மகனிடம் வாங்கிய மாத்திரை 10. திரும்பியது 8. பாக்கி 2."

சத்துமாத்திரை என்று நாம் சொன்னதை அவர் நம்பவில்லை என்பதும், நம்பாமலே விழுங்கினார் என்பதும் பத்தாண்டு கழித்துத் தெரிகிறது. இறந்தவர் விட்டுச்சென்ற கடனை வாரிசு தீர்க்க வேண்டும். அன்று மாலையே கூடுவாஞ்சேரிக்குச் சென்று குறிப்பேட்டைத் தம்பியிடம் காட்டினோம். கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"கடையில் வாங்கிக்கொண்டாய் அல்லவா?" என்று கேட்டோம்.

"அந்த மாதம் கையில் பணமில்லை காக்கா. இரண்டு நாள் போடவில்லை" என்றார்.

இரண்டு மாத்திரையின் விலையை எடுத்து நீட்டினோம். நீட்டிய கை நடுங்கியது. அவர் பணத்தைப் பார்க்காமல் நம் விரல்களையே பார்த்தார். பிறகு வாங்கிக் கல்லாவில் போட்டுவிட்டு, பேனாவை எடுத்து அவ்வரியின் பக்கத்தில் "வரவு" என்று பெரிய எழுத்தில் எழுதித் தந்தார்.