பின்னிருக்கை

மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் செல்வோர் இயந்திரத்தின் வலுவை ஆராய்வர். ஆசனத்தை ஆராய்வோர் சிலரே.

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு ஏ-9 வீதியால் ஏறத்தாழ 320 கிலோமீற்றர். கிளிநொச்சியை அணுகுமுன்பே, பின்னிருந்த எம் துணைவியார் இடுப்பு நோவால் வாடினார். "இனி நீங்கள் தனியே போய் வாருங்கள்" என்றார்.

மென்மையான நுரைறப்பர் அமுங்கியதும் உடற்பாரம் இடுப்பின் அடியிலுள்ள இரண்டு எலும்பு முனைகளில் இறங்குகின்றது. அகன்று சற்றே இறுகிய ஆசனமோ அதனைத் தொடைகளுக்கும் பகிர்கின்றது. அத்தகையதொன்றை வாங்கினோம். முன்நாக்கைப் பெற்றோல் தாங்கியின் பின்னுள்ள கொளுவியிற் செருகி, ஆசனம் சரியாகப் படிந்தபின்பே மரையாணிகளை முறுக்கினோம். ஆட்டமில்லை; நிறுத்துகையில் எம் பாதங்களும் நிலத்தில் நன்கு ஊன்றின.

அடுத்த பயணத்தில் வவுனியா வரை நோவென்ற சொல்லே எழவில்லை. ஊர்க்கதை பேசிக்கொண்டு வந்தார். துணையோடு செல்ல விரும்புவோர் துணை அமரும் இடத்தை முதலிற் பார்த்தல் நன்று.