நடிப்பு என்று சொன்னவன் நான்

பிளஸ் டூ படித்த என் மகன் காலையில் வயிறு கலக்குகிறது என்று சொன்னபோதெல்லாம், பள்ளிக்கு மட்டம் போட நடிக்கிறான் என்று சொன்னவன் நான். தெரியாமல் சொல்லவில்லை. அவனுக்கு இருந்தது என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். எனக்கும் அதுதான்.

நாலு பேர் முன் பேச வேண்டும் என்றால் முந்தைய இரவே எனக்குத் தூக்கம் போய்விடும். உள்ளங்கை வேர்க்கும், நெஞ்சு படபடக்கும், கழுத்தும் தோளும் இறுகிக்கொள்ளும், கிளம்பும் நேரத்தில் கழிப்பறைக்கு ஓடிக்கொண்டே இருப்பேன். வீட்டில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவேன். கோபக்காரர் என்றார்கள், பயந்தாங்கொள்ளி என்பதைவிட அந்தப் பெயர் தேவலை என்று இருந்துவிட்டேன். பதவி உயர்வுக்கான நேர்காணலுக்குக்கூடப் போகவில்லை. போகாமல் இருந்தால் அப்போதைக்கு நிம்மதி. ஆனால் போகாததால்தான் தப்பித்தோம் என்று மனம் கற்றுக்கொள்கிறது, அடுத்த முறை பயம் கூடுகிறது.

இவ்வளவையும் மகனிடம் பார்த்தேன். அவனுக்கு இருக்கிறது என்று ஒத்துக்கொண்டால் என்னையும் ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அதனால் திட்டினேன், உறவுக்காரர்கள் முன்னாலும் திட்டினேன்.

மனநல மருத்துவரிடம் அவனை அழைத்துப் போனது என் மனைவி. நான் துணைக்குப் போனேன், அவ்வளவுதான். தைராய்டு கூடினாலும் படபடப்பு வரும் என்பதால் முதலில் ரத்தப் பரிசோதனை. பிறகு பதற்றத்தை அளக்கும் ஜிஏடி-7 என்ற கேள்வித்தாள். கடந்த 2 வாரங்களில் கவலையை நிறுத்த முடியாமல் தவித்தீர்களா, நிலைகொள்ளாமல் இருந்தீர்களா என்று 7 கேள்விகள், மொத்தம் 21 மதிப்பெண். 10-ஐத் தொட்டால் மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று அர்த்தம். அதை வைத்து மட்டும் நோய் என்று முடிவுகட்ட மாட்டார்கள். பரீட்சை பயம் யாருக்கும் வரும், பரீட்சையோடு போய்விடும் என்றார் மருத்துவர். காரணம் போன பிறகும் கவலை ஓயாமல், தூக்கத்தையும் சாப்பாட்டையும் படிப்பையும் கெடுத்தால் விட்டுவைக்கக் கூடாது. மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

மகன் எழுதிய தாளை நானும் மனதுக்குள் நிரப்பினேன். பத்தைத் தாண்டியது. அன்றும் வாய் திறக்கவில்லை.

வெகுநாள் கழித்துத்தான் அவனிடம் சொன்னேன். "உங்களுக்கும் இருக்குன்னு அப்பவே சொல்லியிருந்தா, எனக்குப் பைத்தியம் பிடிக்குதோன்னு பயந்திருக்க மாட்டேன்பா" என்றான். அந்தப் பயத்தோடு என் பிள்ளை தனியாகக் கிடந்ததற்கு நான்தான் காரணம்.