கழுவாத சில்லு

தரம் 10 பிள்ளைகளுக்கு விண்வெளிப் பாடம் எடுக்கும் நாளில் எனக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும். 1975இல் வைக்கிங் கலங்களைச் செவ்வாய்க்கு அனுப்புமுன் இறங்குகலங்களை ஏறத்தாழ 112 பாகை செல்சியசில் ஒரு நாளளவு வாட்டியெடுத்த கதையைச் சொல்வேன். பூமிக் கிருமி ஒட்டிக்கொண்டு போனால், பிறகு அங்கே உயிரைக் கண்டாலும் அது அந்த மண்ணுடையதா, நாங்கள் கொண்டுபோனதா என்று யார் சொல்வது? சனியின் நிலவான என்செலடசின் பனிக்குக் கீழுள்ள கடல் கெட்டுவிடக் கூடாதென்று 2017இல் கசினி விண்கலத்தைச் சனிக்குள்ளேயே விழுத்தி எரித்ததையும் சொல்வேன். 1967ஆம் ஆண்டு விண்வெளி உடன்படிக்கையில் இப்படி மாசுபடுத்துவதைத் தவிர்க்கச் சொல்லும் 9ஆம் உறுப்புரையைக் கரும்பலகையில் எழுதியும் போடுவேன்.

பள்ளிக்கூடம் விட்டால் உரும்பிராயில் நான் தோட்டக்காரன். போன மாரிக்கு முன் என் லாண்ட்மாஸ்டர் உழவியந்திரத்தை வன்னிக்கு ஏற்றிப்போய் உறவினர் காணியை உழுதேன். அங்கே பார்த்தீனியக் களை இடுப்பளவுக்கு வெள்ளையாய்ப் பூத்து நின்றது. ஒரு செடி 15,000 விதை வரை தரும், சேற்றோடு சில்லில் ஒட்டிப் பயணம் போகும் என்பதெல்லாம் எனக்குப் பாடம். திரும்பி வந்து கிணற்றடியில் தண்ணீர் பீச்சிக் கழுவியிருந்தால் அரை மணித்தியால வேலை. அலுப்பாக இருந்தது. கழுவவில்லை.

அடுத்த நாள் என் செம்மண்ணை உழுதேன். உதவியென்று பக்கத்துத் தோட்டத்து அண்ணையின் வெங்காயத் தறையையும் உழுதுகொடுத்தேன். காசும் வாங்கவில்லை, அந்தப் பெருமை வேறு.

மழைக்குப் பிறகு இரண்டு தறையிலும் கரட் இலை மாதிரி முளைத்தது. என்னுடையதை விடியற்காலையில், ஒருவரும் காணமுன் கையுறை போட்டுப் பிடுங்கினேன். அண்ணை வெறுங்கையால் பிடுங்கினார். முழங்கை வரை சிவந்து தடித்துப்போய் வந்து நின்றார்.

"மாஸ்டர், நீங்கள் படிச்சனீங்கள். இந்தச் சனியன் எங்கால வந்தது?"

1987இல் இந்தியப் படையின் ஆடுகளோடு வந்ததென்று ஊரில் சொல்வார்கள் என்றேன். மேற்கு இந்தியாவுக்கு அது 1950களில் அமெரிக்கக் கோதுமையோடு வந்த கதையையும் விளக்கினேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

1987ஐச் சொன்னேன். போன மாரியைச் சொல்லவில்லை. அவருடைய தறையில் இப்போதும் முளைக்கிறது. என்னைக் கண்டால் இப்போதும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்.